சுமைதாங்கியும் சரளி வரிசையும்

(இசை கற்பது எப்படி ஓய்வாகிறது?)

போன வருஷம் நம் சங்கத்தில் பொங்கல் விழா முடிந்து, சாப்பாட்டுக்கு இலை போடக் காத்திருந்த நேரத்தில் ஒரு நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நயினார், இந்த வயசில பாட்டு கிளாஸுக்குப் போறீங்களாமே? கடையிலிருந்து களைச்சு வர்ற மனுஷன் பேசாம ஓய்வெடுக்காம இது என்ன கூடுதல் வேலை?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "மலருக்கு எழுதிடறேன், படிச்சுக்குங்க" என்று சொல்லி வைத்தேன். அந்தக் கடன்தான் இந்தக் கட்டுரை. வியாபாரி கடனை நிலுவையில் வைக்கக் கூடாது அல்லவா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாடகன் அல்ல. எவர்சில்வர் பாத்திர வியாபாரி. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைப்புக்காக மும்பை வந்த தமிழ்ச் சமணன். செம்பூரில் வீடு, மசூதி பந்தர் பக்கம் கடை. படித்ததெல்லாம் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் வராத நேரத்தில் படித்ததுதான். எனவே சங்கீதம் முறையாகக் கற்ற பெரியவர்கள் இதில் குறை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பத்து நாள் ஓய்வு

2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையில், என் தம்பி போய்விட்டான். 29 வருஷம் இருவரும் ஒரே கடையில் உட்கார்ந்தோம். சரக்கு அவன் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. அதன் பிறகு இரண்டும் என் தலையில். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். வரவேண்டிய பாக்கி, கட்டவேண்டிய ஜி.எஸ்.டி., தம்பி பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். நாலைந்து மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறிப்போச்சு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "பத்து நாள் கடைக்குப் போகாம நல்லா ஓய்வெடுங்க" என்றார்.

எடுத்தேன். சோபாவில் சாய்ந்து டி.வி. பார்த்தேன். கையில் செல்போன். பத்தாம் நாள் கடைக்குப் போனபோது, முன்னைவிடக் களைப்பாக இருந்தது. உடம்பு அசையவில்லையே, பிறகு ஏன் இந்தக் களைப்பு? அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

அந்தச் சமயத்தில் என் பேத்தி எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு பாலக்காட்டு மாமியிடம் பாட்டு கற்கத் தொடங்கியிருந்தாள். அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது என் வேலை. வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மாமி வெளியே எட்டிப் பார்த்து, "நயினார், அங்க உக்காந்து போனை நோண்டறதுக்கு உள்ள வந்து தாளமாவது போடுங்கோளேன்" என்றார். கூச்சத்தோடு போய் உட்கார்ந்தேன். ஏழு வயதுப் பேத்திதான் என் முதல் குரு. "தாத்தா, தட்டு முடிஞ்சதும் சுண்டுவிரல்! மோதிர விரல் இல்ல!" என்று திருத்தினாள்.

இப்படித் தொடங்கியதுதான். மூன்று மாதம் கழித்து ஒருநாள், பாடி முடித்துக் கீழே இறங்கும்போது சட்டென்று ஓர் உணர்வு. இவ்வளவு நேரமும் பாக்கிக் கணக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. தம்பியும் வரவில்லை. நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் குற்ற உணர்வாகவும் இருந்தது. இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

களைப்பில் இரண்டு வகை

மூட்டை தூக்குகிறவருக்கு வரும் களைப்பு ஒன்று. அவர் படுத்தால் தீரும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு, கம்ப்யூட்டர் முன் இருப்பவருக்கு, பிள்ளைகளின் பரீட்சை அட்டவணையை மனசில் வைத்துக்கொண்டு சமைக்கிற தாய்க்கு வரும் களைப்பு வேறு. அங்கே தேய்வது கவனம்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லான், ஸ்டீவன் கப்லான் தம்பதியர் 1989-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்குகிறார்கள். நம் கவனத்தில் இரண்டு உண்டாம். பிடிக்காவிட்டாலும் வலிய இழுத்து ஓர் இடத்தில் நிறுத்தும் கவனம் ஒன்று. தானாகவே ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும் கவனம் இன்னொன்று. நாள் முழுக்க முதல் வகையையே செலவழித்தால் அது தீர்ந்துபோகும். அப்போது எரிச்சல் வரும், சின்ன விஷயத்தைக்கூட முடிவு செய்ய முடியாது. இரண்டாம் வகைக் கவனத்தில் சிறிது நேரம் இருந்தால் முதல் வகை மறுபடி ஊறி வரும், கிணற்றில் தண்ணீர் ஊறுவது போல. அவர்கள் முக்கியமாக மரம், செடி, இயற்கைக் காட்சி பற்றித்தான் பேசினார்கள். அதே கணக்கு இசைக்கும் பொருந்தும் என்பது என் அனுபவத்தில் நான் கண்டது.

டி.வி.யும் செல்போனும் ஏன் எனக்கு ஓய்வு தரவில்லை? காரணம் எளிது. செய்தி பார்த்தாலும் வாட்ஸ்அப் பார்த்தாலும், அதற்குப் பின்னாலேயே கடை ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு சோபாவில், மனசு மசூதி பந்தரில்!

ஓய்வுக்கு நாலு கால்

ஓய்வைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது சபீனே சொன்னென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரை. வேலை முடிந்த பிறகு மனிதர் எப்படித் தெம்பைத் திரும்பப் பெறுகிறார் என்று ஆராய்ந்து நாலு வழிகளைக் குறிப்பிட்டார்கள். என் மொழியில் சொல்கிறேன்.

ஒன்று, விலகல். வேலையிடத்தை விட்டு உடம்பு மட்டுமின்றி மனசும் வெளியே வருவது. இரண்டு, தளர்வு. உடம்பின் முறுக்கு இறங்குவது. மூன்று, தேர்ச்சி. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் புதிதாகக் கற்று, நேற்றுக்கு இன்று கொஞ்சம் முன்னேறுவது. நான்கு, உரிமை. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை நாமே முடிவு செய்வது.

மூன்றாவதைப் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். கற்பது உழைப்பு அல்லவா, அது எப்படி ஓய்வாகும் என்று கேட்பீர்கள். உழைப்புதான். ஆனால் கடையில் நாம் உழைக்கும்போது அதற்கு லாப நஷ்டம் உண்டு. தப்பு செய்தால் பணம் போகும், பெயர் போகும். சரளி வரிசையில் ஸ்வரம் தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. மறுபடி பாடினால் ஆச்சு. அறுபது வயதுக்காரன் பொறுப்பே இல்லாமல் தப்பு செய்யக்கூடிய இடம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

நான் சோபாவில் கழித்த பத்து நாளில் நாலில் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. மாமி வீட்டுப் பாயில் நாலும் கிடைத்தது.

வாய்க்கும் கைக்கும் காதுக்கும் வேலை

பாட்டு வகுப்பில் மனசு எப்படி விலகுகிறது என்பதை நுட்பமாகப் பார்ப்போம். கர்நாடக இசையில் முதல் பாடம் சரளி வரிசை. பிறகு ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாளங்களில் அலங்காரங்கள், அப்புறம் கீதம் என்று போகும். இந்த முறையை அமைத்தவர் புரந்தரதாசர் என்பது சங்கீத உலகின் மரபு. தொடக்கப் பாடங்கள் பதினைந்தாவது மேளமான மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கின்றன. இந்த ராகத்தில் ஒரு வசதி உண்டு. 'ஸ ரி க ம' என்ற முற்பாதியில் ஸ்வரங்களுக்கு நடுவே என்ன இடைவெளியோ, 'ப த நி ஸ' என்ற பிற்பாதியிலும் அதே இடைவெளி. பாதியைக் கற்றால் மீதியின் பாதை தெரிந்துவிடும்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வாய் ஸ்வரம் சொல்ல வேண்டும். கை தாளம் போட வேண்டும். காது சுருதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று பேருக்கும் வேலை கொடுத்தாகிவிட்டது. பாக்கிக் கணக்குப் பார்க்க ஆள் ஏது? "எதையும் நினைக்காதே" என்றால் மனசு கேட்காது. "இதைச் செய்" என்று கொடுத்தால் கேட்கும்.

வெறுமனே பாட்டுக் கேட்பதைவிடக் கற்பது எனக்குப் பலன் தந்தது இதனால்தான். கேட்கும்போது, நாற்காலியில் இருந்தபடியே மனசு நழுவிவிடும். பாடும்போது நழுவினால் உடனே தாளம் தப்பும். தப்பியது தெரிந்ததும் திரும்பி வந்தாக வேண்டும்.

மூச்சுக் கணக்கு

அடுத்தது தளர்வு. இதில் மூச்சுக்குப் பெரிய பங்கு. ஓய்வாக இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். கவலையில் இன்னும் வேகமாகும். இப்போது சரளி வரிசையை முதல் காலத்தில், ஒரு எண்ணிக்கைக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டு பாடுங்கள். ஒரே மூச்சில் எட்டு ஸ்வரம் ஏறினால் எட்டு வினாடி. மூச்சு எடுக்க ஒன்று இரண்டு வினாடி. நிமிடத்துக்கு ஆறு, ஏழு மூச்சுதான் வரும். இது பேனா காகிதம் வைத்து நான் போட்ட கணக்கு.

இந்த 'ஆறு' என்ற எண்ணுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. லூச்சியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவ ஆய்வாளரும் குழுவினரும் 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கத்தோலிக்கர்களின் ஜெபமாலைப் பிரார்த்தனையை லத்தீனில் சொன்னாலும், யோக மந்திரத்தைச் சொன்னாலும், மூச்சு தானாகவே நிமிடத்துக்குச் சுமார் ஆறு என்று இறங்குவதையும், இதயம், ரத்த ஓட்டம் ஆகியவற்றின் தாளம் அதோடு சேர்ந்து சீராவதையும் கண்டார்கள். எந்த மதத்து வார்த்தையானாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்லியிருக்கிறது.

காரணம் இதுதான். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது சற்று நிதானமாகும். நிதானப்படுத்தும் வேலையைச் செய்வது மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு. பாடும்போது மூச்சு எடுப்பது சட்டென்று முடிகிறது, விடுவது நீளமாக இருக்கிறது. அதாவது நிதானப்படுத்தும் பக்கத்துக்கு அதிக நேரம் கிடைக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் கவலை ஏற்றமும் கை ஏற்றமும் இறைத்த காலத்தில், ஏற்றப் பாட்டில் சாலை எண்ணிக்கொண்டே இறைப்பார்கள். நடவு நடுகிற பெண்களும் பாடிக்கொண்டேதான் குனிவார்கள். இத்தனை விளக்கம் அவர்களுக்குத் தெரியாது. பாடினால் பாரம் குறைகிறது என்பது மட்டும் தெரியும்.

கருவி கற்பதிலும் பலன் உண்டு. ஸ்விட்சர்லாந்தில் ஒரு சிறிய ஆய்வு, 2006-இல் அதே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ள 25 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை வாசிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். நாலு மாதம், நாளொன்றுக்குச் சராசரியாக 25 நிமிடப் பயிற்சி. கற்றவர்களுக்குப் பகல் நேரத் தூக்கச் சோர்வு குறைந்தது. தொண்டைப் பக்கத் தசைகளுக்குப் பயிற்சி கிடைத்ததைக் காரணமாகக் கருதினார்கள். இதை வைத்து எல்லா வாத்தியமும் எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தினமும் அரை மணிகூட வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தம்புராவின் ஜீவா

மாமி வீட்டில் ஒரு தஞ்சாவூர் தம்புரா இருக்கிறது. நாலு தந்தி. பஞ்சமம் ஒன்று, மேல் ஸட்ஜம் இரண்டு, கீழ் ஸட்ஜம் ஒன்று. வகுப்புக்கு எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டிதான், ஆனால் வெள்ளிக்கிழமைகளில் தம்புராவை எடுப்பார். குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு சின்ன நூலைச் செருகி மெல்ல நகர்த்துவார். ஓர் இடத்தில் வந்ததும், அதுவரை 'டொய்ங்' என்றிருந்த தந்தி தேனீக்கூட்டம் போல ரீங்காரம் செய்யும். அந்த நூலுக்கு 'ஜீவா' என்று பெயர். நூல் சரியான இடத்தில் இருந்தால், தந்தி குதிரையின் வளைவை மெல்ல உரசி அதிர்கிறது. அதனால் அடிப்படை ஒலியோடு மேல் ஒலிகளும் எழுகின்றன.

பாத்திரக்காரனுக்கு இது எளிதில் புரிந்தது. வெண்கலப் பானையைச் சுண்டிப் பார்ப்போம். நல்ல பானை நீண்ட நேரம் பாடும். விரிசல் விட்டது 'டக்' என்று அடங்கும். நாற்பது வருஷம் காதால் விரிசலைத் தேடியவன், இப்போது அதே காதால் சேர்க்கையைத் தேடக் கற்றுக்கொண்டேன். என் குரல் சுருதியோடு சேரும்போது, எது என் குரல் எது தம்புரா என்று தெரியாத ஒரு கணம் வரும். பத்து முறை பாடினால் ஒரு முறை வரும். அந்த ஒன்றே போதும்.

நம் முன்னோர் கண்ட பாடும் முறை

என் சமயத்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை, இந்தப் பொருளுக்கு நேராகப் பொருந்துவதால் சொல்கிறேன். திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்தார். அதில் காந்தருவதத்தையார் இலம்பகம் என்று ஒரு பகுதி. யாழில் தன்னை வெல்பவனையே மணப்பேன் என்கிறாள் தத்தை. அவள் பாடுவதைக் கவி வருணிக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அவள் பாடும்போது கழுத்து புடைக்கவில்லையாம், பல் வெளியே தெரியவில்லையாம், கண் அலைபாயவில்லையாம், புருவம்கூட மேலே ஏறவில்லையாம். சிரமம் சிறிதும் தெரியாமல் பாடுவதே நல்ல பாட்டு என்பது அந்தக் காலத்துக் கொள்கை.

கண்ணாடி முன் உட்கார்ந்து பாடிப் பாருங்கள். புருவம் ஏறினால், கழுத்து நரம்பு தெரிந்தால், நாம் பாட்டைச் சுமக்கிறோம் என்று பொருள். குரலை இறக்கி, தோளைத் தளர்த்திப் பாட வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்க் காவியத்தில் இன்றைக்கும் உதவுகிற பாடம் இருக்கிறது.

இன்னொருவரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859-1919). சித்த வைத்தியர், மருந்து தயாரித்து விற்றவர், விவசாயத்தில் புதுமைகள் செய்தவர். இத்தனை அலுவல்களுக்கு நடுவே தமிழிசையை ஆராய்ந்து, 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி மாநாடுகள் நடத்தி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு தமிழ்ப் பெயர்களை நம்மில் பலர் அறிய அவரும் ஒரு காரணம். தொழில் இருப்பவனுக்கு இசைக்கு நேரம் ஏது என்று கேட்பவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில்.

இசையே சுமையாகும்போது

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வெளிமாநிலத்தில் வாழும் நாம், பிள்ளைகளுக்குத் தமிழ் விட்டுப்போகக் கூடாதே என்று பாட்டு, நடனம் என்று சேர்க்கிறோம். நல்ல காரியம். ஆனால் நடப்பது என்ன? பள்ளி, டியூஷன், அபாகஸ், அதற்கப்புறம் ஆறரை மணிக்குப் பாட்டு. கிரேடு பரீட்சை, விழாவில் போட்டி, பக்கத்து வீட்டுப் பெண் வர்ணத்துக்குப் போய்விட்டாள் என்ற ஒப்பீடு. மேலே சொன்ன நாலு கால்களில் 'உரிமை' என்ற கால் இப்படித்தான் முறிகிறது.

நானும் இந்தத் தப்பைச் செய்தேன். போட்டிக்கு முந்தின வாரம் பேத்தியை ஒரே கீதத்தை இருபது தடவை பாடச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே, "தாத்தா, நீங்க மட்டும் ஜாலியா பாடறீங்க, எனக்கு மட்டும் ஏன் ஹோம்வொர்க்?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. அந்தப் போட்டிக்கு அவள் போகவில்லை. இப்போதும் பாடுகிறாள்.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழு ஆண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அரங்குக்காகக் கற்பது ஒரு வழி. அதற்குரிய உழைப்பும் பெருமையும் உண்டு. இளைப்பாறக் கற்பது இன்னொரு வழி. உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த வழியில் போகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இன்னொன்றும் செய்யலாம். வாசலில் காத்திருக்கும் நேரத்தில் நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். அப்பா அம்மாவும் தப்பாகப் பாடுவதைப் பார்த்தால், தப்பு செய்ய பிள்ளைக்குப் பயம் போய்விடும்.

தொடங்க விரும்புவோருக்கு

நேரம்: ஒரு நாழிகை போதும். நாழிகை என்பது 24 நிமிடம். எங்கள் சமயத்தில் சாமாயிகம் என்ற சமநிலைப் பயிற்சிக்கு ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம் என்பது வழக்கம். அதில் பாதி என்று நான் வைத்துக்கொண்டேன். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே பாடுவது கஷ்டம். காலையில் வெறும் வயிறு நல்லது.

சுருதி: உங்கள் குரலுக்கு ஏற்ற கட்டையை ஆசிரியர் பார்த்துச் சொல்வார். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை என்று அமையும். கச்சேரியில் கேட்ட உயரத்தில் பாட ஆசைப்படாதீர்கள்.

அளவு: ஒரு நாளைக்கு ஒரு வரிசை. முதல் காலத்தில் நன்றாக வந்த பிறகு இரண்டாம் காலம். மூன்றாம் காலத்துக்கு அவசரமே இல்லை.

முடிவு: பாடி முடித்ததும் இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். முன்னர் சொன்ன பெர்னார்டி குழுவினரே 2006-இல் இன்னோர் ஆய்வில், இசைக்கு நடுவே வந்த இரண்டு நிமிட மௌனத்தில் கேட்டவர்களின் உடல் இசையின்போது இருந்ததைவிட அதிகமாகத் தளர்ந்ததைக் கண்டார்கள்.

பாடக் கூச்சமா? மிருதங்கச் சொல்கட்டு கற்கலாம். புல்லாங்குழல், வீணை, ஹார்மோனியம் எதுவும் சரி. ஆசிரியர் பக்கத்தில் கிடைக்காத ஊர்களில் இணையவழி வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் ஆரம்பத்தில் சில மாதமாவது எதிரில் ஒருவர் உட்கார்ந்து திருத்துவது நல்லது.

எச்சரிக்கை: ரத்த அழுத்த மாத்திரையை நான் இன்றும் சாப்பிடுகிறேன். பாட்டு வந்தது என்று மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சுமைதாங்கிக் கல்

எங்கள் ஊர்ப் பாதையில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைத்திருப்பார்கள். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது என்பார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் கல்லின் உயரத்தில்தான் சூட்சுமம். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் தள்ளிவிடலாம். இளைப்பாறிய பிறகு, யார் உதவியும் இல்லாமல் மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளலாம். தரையில் இறக்கினால் தூக்கிவிட ஆள் தேட வேண்டும்.

தம்பி ஞாபகம் வராமல் போனதை மாமியிடம் ஒருநாள் சொன்னேன். அவர் சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு, "மறந்தா என்ன நயினார், படியிறங்கறதுக்குள்ள ஞாபகம் வந்துடுத்தோன்னோ" என்றார். உண்மைதான். வந்துவிட்டது. ஆனால் அன்று அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடிந்தது.

இரவு இரண்டு மணி முழிப்பு இப்போதும் சில நாள் வருகிறது. வந்தால் மனசுக்குள் ஆதி தாளம் போட்டு, முதல் வரிசையை மந்தர ஸ்தாயியில் வாய் திறக்காமல் பாடுவேன். பெரும்பாலும் நாலாவது ஆவர்த்தனத்துக்குள் தூங்கிவிடுகிறேன். நாலு வருஷத்தில் எட்டு கீதம், ஒரு ஸ்வரஜதி. இதுதான் என் மொத்த இருப்பு. நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதிலும் இதுதான். அடுத்த பொங்கலுக்கு அவரையும் பாயில் பார்க்க ஆசை. மூன்றாம் மாடியில் இடம் இருக்கிறது.